களத்தில் சொல்லாத சொல்

அக்கராயனிலிருந்து பரந்தனுக்குப் போகிற பஸ்ஸில் எங்கள் பெரியப்பா ஏறினால் கொண்டக்டர் அடிக்கடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொள்வார். மற்ற ஆட்கள் தங்கள் இடம் வந்ததும் "நிப்பாட்டுங்கோ" என்று கத்துவார்கள். பெரியப்பா கத்தமாட்டார். மணிக்கயிற்றையும் தொடமாட்டார். கொண்டக்டர் பராக்காக இருந்துவிட்டால், பஸ் தானாக நிற்கிற இடம்வரை போய் இறங்கி, இரண்டு மைல் கட்டை தூரம் வெயிலில் திரும்பி நடந்து வருவார். "சொன்னால் என்ன குறைஞ்சு போமோ?" என்று ஒருநாள் கொண்டக்டர் கேட்டாராம். பெரியப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒரேயொரு தடவைதான் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிற்காலத்தில் நான் ஆசிரியையாகி, பள்ளிக்கூட அலுமாரியில் கறையான் தின்றது போக மிஞ்சியிருந்த அகராதியில் அதைத் தேடியிருக்கிறேன். நில் என்பதிலிருந்து பிறந்த சொல். நிற்பாட்டு, நிற்கச் செய்தல். ஒரு வரியோடு சரி. அகராதி எழுதியவர் எங்கள் குடியேற்றத்தில் ஒரு மாதம் வந்து இருந்திருந்தால் அப்படி ஒரு வரியோடு போயிருக்கமாட்டார். நடந்து தீரவேண்டிய ஒன்றை நடுவில் பிடித்து மறிப்பதற்குத்தான் நாங்கள் நிப்பாட்டுவது என்போம். மார்பில் வேப்பெண்ணெய் பூசிப் பிள்ளைக்குப் பாலை நிப்பாட்டுவார்கள். தங்களோடு பகையானவன் வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வாய்க்கால் தண்ணீரை நிப்பாட்டுவார்கள். பெண்பிள்ளைகளின் படிப்பை நிப்பாட்டுவார்கள். சாதகத்தைத் திருப்பி அனுப்பிக் கலியாணத்தை நிப்பாட்டுவார்கள். எல்லாவற்றிலும் சொல்லுகிறவர் ஒருவர், அழுகிறவர் இன்னொருவர். மழை விட்டால் அதை யாரும் நிப்பாட்டியதாகச் சொல்லமாட்டோம். அது தானாக விட்டது.

சூடு மிதிக்கிற களத்தில் இந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. வெட்டிய நெற்கதிரைக் கட்டிக் கொண்டுவந்து குவித்து வைப்பதைச் சூடு என்போம். அதைக் களத்தில் பரப்பி, ஐந்து எருமைக் கடாக்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்கவிட்டு நெல்லைப் பிரிப்பார்கள். பழைய வன்னி ஊர்க்காரர் களத்துக்கென்று தனிப் பேச்சு வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு அங்கே வேறு பெயர், நெல் புடைக்கிற சுளகுக்கு வேறு பெயர். இல்லை என்று சொல்லக்கூடாது. முடிந்தது என்று சொல்லக்கூடாது, பொலிந்தது என்றுதான் சொல்லவேண்டும். களத்தைச் சுற்றிப் பூதங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்குமாம். மனிதர் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் விழுந்தால் போதும், நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். எல்லாவற்றிலும் பொல்லாத சொல் நிப்பாட்டு. அதைச் சொன்னால் நெல் மட்டும் நிற்காது, வேறும் ஏதோ நிற்கும் என்பார்கள். வேறு எது என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த மூடிய வாயைப் பார்க்கத்தான் கூடப் பயம்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். அங்கே புகையிலைக்கு இறைத்துத் திரிந்த சனங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் புதிது. மற்றவர்கள் களத்துப் பேச்சைக் களத்தோடு விட்டுவிட்டு வருவார்கள். பெரியப்பா அதை வீட்டுக்கும் றோட்டுக்கும் கொண்டுவந்தார். அதனாலேயே எங்கள் வாய்க்காலோரத்துக் காணிகளில் யார் வீட்டுச் சூடு என்றாலும் அவரைத்தான் முன்னுக்கு நின்று நடத்தக் கூப்பிடுவார்கள். வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்த பழைய ஊர்க்காரரே அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயப்பட்டதாகக் கேள்வி.

அவருடைய காணி எங்கள் காணிக்குப் பக்கத்தில். ஒற்றை மனிதர், மூன்று நேரமும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் ஐயாவுக்கு அவர் ஒரே அண்ணன். அம்மா அவரோடு நேரே கதைத்ததில்லை. புருஷனின் தமையன் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் குடும்பத்து மரியாதை. சொல்லவேண்டியதெல்லாம் என் வழியாகப் போகும். "பெரியப்பாட்டைக் கேள், இன்னும் சோறு போடவோ எண்டு." போதும் என்பதற்கு நாங்கள் காணும் என்போம்; அவர் அதையும் சொல்லமாட்டார், கையால் சோற்றுக் கோப்பையை மூடுவார். ஒருநாள் அம்மா வழக்கம்போல வேறு பக்கம் பார்த்தபடி கோப்பி வார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தகரப் பேணி நிரம்பிவிட்டது. பெரியப்பா கையால் மூடினார். அம்மா அதைக் காணவில்லை. கொதிக்கிற கோப்பி அவர் புறங்கையில் விழுந்து வழிந்தது. மனிதர் இமைகூட அசைக்கவில்லை. நான்தான் குழறினேன். பிறகு பத்து நாள் அந்தக் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தார்.

அம்மா ஒருநாள் குசினிக்குள் வைத்து, குரலைத் தாழ்த்தி எனக்குக் காரணத்தைச் சொன்னார். காடு வெட்டிக் குடியேறிய முதல் வருஷம் பெரியப்பாவோடு பெரியம்மாவும் இருந்தார். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. முதல் சூடு மிதிக்கும்போது பெரியப்பாவுக்குத் தண்ணீர் விடாய். வழக்கம் தெரியாத புது மனிதர், "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, தண்ணி குடிக்க வேணும்" என்று விட்டார். அவ்வளவுதான். அந்த மாதம் முடியுமுன் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அந்த வருஷம் வாய்க்கால் நெடுக எத்தனையோ பிள்ளைகள் காய்ச்சலில் போனார்கள். அவர்களின் தகப்பன்மார் களத்தில் ஒன்றும் சொன்னவர்கள் இல்லை. இதை அவருக்கு யார் சொல்வது? பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, "நான்தான் சொன்னனான்" என்று ஒரு தடவை சொன்னாராம். பெரியம்மா சாவகச்சேரிக்குத் தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. வருஷம் தவறாமல் பெரியப்பா அங்கே ஒரு மூடை புதுநெல் அனுப்புவார். அந்தக் குடும்பம் முறிந்துவிட்டது என்று யாரும் அவர் முன்னால் சொல்வதில்லை.

அதன் பிறகு எது தொடங்கினாலும் அது தன்பாட்டில் போய்த் தீரவேண்டும் என்பது அவருடைய பிடி. அது நல்ல பிடியா கெட்ட பிடியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நாலாம் வாய்க்கால் குடியிருப்பில் ஒரு கலியாணம். பந்தலில் மேளம் ஒலிக்கிற நேரம் தந்திக்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். வாசல் படலையடியில் நின்ற பெரியப்பா தந்தியை வாங்கி, பந்தலில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். கலியாணப் பொம்பிளையின் தமையன் யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் செத்துப்போனார். வாத்தியார் பந்தல் பக்கம் திரும்பவும் பெரியப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், தாலி ஏறட்டும்."

"இதென்ன கதை? கூடப்பிறந்தவன் எல்லோ?"

"ஏறட்டும்."

தந்தி அவர் இடுப்பில், வேட்டி மடிப்புக்குள், ஒரு மணித்தியாலம் இருந்தது. தாலி ஏறியது, பந்தி நடந்தது, அவரும் இலையில் இருந்து சாப்பிட்டார். பிறகு எழும்பிக் கை கழுவி, பொம்பிளையின் தகப்பனிடம் போய் அதைக் கொடுத்தார். அந்தப் பெண் அழுத அழுகையில் பந்தல் கலைந்தது. கலியாணம் தப்பியது என்று சிலர் அவரைக் கும்பிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் சாகும்வரை அவர் வருகிற றோட்டில் வந்ததில்லை.

எனக்கு அந்தப் பிடியால் நன்மைதான். ஐந்தாம் வகுப்பில் என் படிப்பை நிப்பாட்டுவோம் என்று ஐயா ஒரு பேச்சு எடுத்தார். பள்ளிக்கூடம் இரண்டு கட்டை, நடுவில் காடு. பெரியப்பா சாப்பிட்ட கையோடு சொன்னார்: "நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் தம்பி." அடுத்த நாளிலிருந்து தினமும் கூட்டிக்கொண்டு போனார். ஒருநாள் வழியில் யானை. ஒற்றைக் கொம்பன், பாதையை அடைத்துக்கொண்டு பாலை மரத்தோடு முதுகைத் தேய்த்தபடி நின்றது. எனக்குக் காலோடு மூத்திரம் போய்விட்டது. "திரும்பிப் போவம் பெரியப்பா" என்றேன்.

"வெளிக்கிட்டிட்டம் பிள்ளை."

என் கையை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. யானை எங்களைப் பார்த்தது. அவருடைய உள்ளங்கை என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும், யானை தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கியது. பிந்திப் போனதற்கு வாத்தியாரிடம் எனக்கு இரண்டு அடி. பெரியப்பா வாசலில் நின்று அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி அந்த மாசி மாதத்துக்கு வருகிறேன். எனக்குப் பத்து வயது. ஐயாவுக்கு முறைக்காய்ச்சல். அந்தக் காலத்தில் வன்னிக்கு வந்த எவரையும் விடாத காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், மணிக்கூடு பார்த்ததுபோல அதே நேரத்துக்கு வரும். ஐயாவுக்குப் பின்நேரம் மூன்று மணி. முதலில் குளிர், பல் கிடுகிடுக்கும், கால் தாங்காது, இருந்த இடத்தில் விழுந்துவிடுவார். நானும் அம்மாவும் சாக்கு, சேலை எல்லாம் போட்டு மூடி மேலே படுத்து அமத்துவோம். மலேரியாவுக்குத் தருகிற கொய்னாக் குளிசை தின்று தின்று அவர் காது இரைந்துகொண்டிருந்தது.

எங்கள் சூடும் இன்னும் இரண்டு வீட்டாரின் சூடும் ஒன்றாக வைத்திருந்தது. மழைக்கு இருட்டிக்கொண்டு வரவே, வழக்கமாக இரவில் மிதிப்பவர்கள் அன்றைக்கு விடியவே தொடங்கிவிட்டார்கள். அன்று ஐயாவின் முறைநாள். கடாக்களுக்குப் பின்னால் யார் முதலில் தடி பிடித்து நடக்கிறாரோ அவரே சூடு பொலியும்வரை நடக்கவேண்டும். ஆளை மாற்றுவதும் நிப்பாட்டுவதுதான். எங்கள் காணியில் களம், ஆகவே ஐயாதான் தடி பிடிக்கவேண்டும். "இரண்டு மணிக்குள்ளை பொலிஞ்சிடும். மூண்டுக்கு நான் வீட்டை" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குப் பார்த்தபோது சூட்டில் பாதிகூட இறங்கவில்லை. அம்மா கோப்பியைப் போத்தலில் ஊற்றி என் கையில் தந்து, என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"நேரை பெரியப்பாட்டைப் போ. இண்டைக்கு ஐயாவுக்கு முறை. மூண்டு மணிக்கு விழுந்திடுவார். அதுக்கு முன்னம் அவரை நிப்பாட்டிப்போட்டு வேறை ஆரையும் விடச்சொல்லு. விளங்குதே?"

"ஓம்."

"சொல்லு பாப்பம்."

நான் அப்படியே ஒப்புவித்தேன். வீட்டுக்குள் சொல்ல லேசாகத்தான் இருந்தது.

பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதில்லை. வரம்பில் நின்று நான் பார்த்தேன். கடாக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றி நின்ற ஆட்கள் "பொலி, பொலி" என்று குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலுக்குத்தான் கடாக்கள் நடக்கும். அவற்றை நிற்கச் செய்வதற்குக் களத்தில் ஒரு வழிதான் உண்டு. பெரியப்பா உள்ளே இறங்கி, உள்வட்டத்தில் நடக்கிற கடாவின் கழுத்தில் கை வைப்பார். ஒரு சொல் இல்லாமல் ஐந்தும் நிற்கும். அவரைத் தவிர வேறு யார் கைக்கும் அவை நிற்பதில்லை.

ஐயாவின் முகம் மஞ்சளாக இருந்தது. பெரியப்பா என்னைக் கண்டு வரம்புக்கு வந்தார்.

"என்ன பிள்ளை?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா தந்த பேச்சில் அந்தச் சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொல்லப் பார்த்தேன். எடுத்தால் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. வேறு சொல் தேடினேன், பத்து வயதில் எனக்கு வேறு சொல் தெரியவில்லை. "ஐயாவுக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்தக் களத்தின் ஓரத்தில் அது தோன்றவில்லை. செத்துப்போன அந்த மூன்று வயதுப் பிள்ளைதான் நினைவில் வந்து நின்றது. வாயை மூடினேன். திரும்பத் திறந்தேன். பெரியப்பா முகத்தைத் திருப்பிச் சூட்டைப் பார்த்தார்.

"அம்மா கோப்பி குடுத்துவிட்டவா" என்றேன்.

அவர் போத்தலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் "சொன்னன்" என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொல்லவில்லை. இரண்டு மணி போய்விட்டது. ஐயா வரவில்லை. அம்மா படலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துப் பக்கம் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். 

நாங்கள் வரம்பில் ஏறவும் ஐயா விழவும் சரியாக இருந்தது. தடி முதலில் விழுந்தது. பிறகு அவர் முழங்காலில் குந்தி, இரண்டு கையாலும் தன்னைத் தானே கட்டிப்பிடித்து, வைக்கோல் மேல் பக்கவாட்டில் சரிந்தார். கடாக்களுக்குப் பின்னால்தான் விழுந்தார். ஆனால் அவை சுற்றுகிற கடாக்கள். ஒரு வட்டம் வந்தால் அவர் மேல்தான் வரவேண்டும்.

சுற்றி நின்ற ஆட்கள் எல்லாரும் கண்டார்கள். கடாக்களுக்கு முன்னால் இறங்க ஒருவருக்கும் கால் எழவில்லை. பிறகு ஒருவர் குரல் கொடுத்தார். களத்தில் அவருக்கு வாயில் வந்த சொல் அது ஒன்றுதான். "பொலி! பொலி!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐயாவைக் காட்டிக் கையை வீசி, கண்கள் பிதுங்க, "பொலி! பொலி!" என்று குழறினார்கள். கடாக்கள் அதைக் கேட்டு இன்னும் விசையாக நடந்தன. இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் எனக்குக் காதில் கேட்பது அந்தக் குரல்கள்தான்.

பெரியப்பா சூட்டின் மேலே நின்று கதிர் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தம்பியைக் கண்டார். அசையவில்லை. யானைக்கு முன்னால் நின்றதுபோல நின்றார்.

அப்போதுதான் அம்மா கத்தினார். அவர் முகத்தை நேரே பார்த்து, கலியாணமாகிப் பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவரோடு கதைத்தார்.

"அத்தான், நிப்பாட்டுங்கோ!"

பொலிக்குரல் அறுந்தது. ஆட்கள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள், ஐயாவையல்ல. அந்த அமைதியில் பெரியப்பா சூட்டிலிருந்து குதித்தது கேட்டது. ஓடிப்போய் உள்கடாவின் கழுத்தில் கையை வைத்தார். அது நின்றது. வெளிப்பக்கத்துக் கடாக்கள் வந்த விசையில் வளைந்து திரும்பி அவர் மேல் சாய்ந்தன. ஒன்றின் குளம்பு அவர் இடது பாதத்தில் ஏறியது. அவர் கையை எடுக்கவில்லை. ஐயாவின் தலை அங்கிருந்து இரண்டு முழத் தூரம்.

ஐயாவைத் தூக்கி வந்து வரம்பில் கிடத்தினார்கள். அம்மா அவர் மேல் விழுந்து அமத்திப் பிடித்தார். பெரியப்பா கீழே கிடந்த தடியை எடுத்தார். ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. "பொலி" என்றார் மெல்ல. கடாக்கள் நடந்தன. நசிந்த காலை இழுத்து இழுத்து அவர் பின்னால் சுற்றினார். ஒவ்வொரு வட்டத்திலும் வைக்கோலில் ஒரு சிவப்புத் தடம் விழுந்தது, அடுத்த வட்டத்தில் கடாக்கள் அதை மிதித்து மறைத்தன.  இருட்டுமுன் சூடு பொலிந்தது. நெல்லைக் கூட்டிக் குவித்து மூட நேரம் கிடைக்குமுன் மழை கொட்டியது. விடிய விடியப் பெய்தது. மூன்று நாளில் களத்து நெல் முளைவிட்டது.

மூன்று வீட்டின் நெல். மற்ற இரண்டு வீட்டாரும் சும்மா இருப்பார்களா? பிள்ளையார் கோயில் முன்றலில் ஆட்களைக் கூட்டினார்கள். களத்தில் சொல் விழுந்தது, சொன்ன வீட்டின் வயலுக்கு இனி ஒருவரும் இறங்குவதில்லை என்று பேச்சு. குடியேற்றத்தில் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கிச் செய்கிற கைமாற்று வேலை இல்லாமல் ஒரு குடும்பம் ஒரு போகமும் செய்ய முடியாது. காணியைவிட்டுப் போவதுதான் வழி. அம்மா கோயில் வேலிக்கு வெளியே என்னைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.  பொய் சொன்ன என் வாயில் எச்சில் இல்லை.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார்கள்.

பெரியப்பா தடியை ஊன்றி எழும்பினார். காலில் பச்சிலை கட்டிய சீலை.

"நான்தான் சொன்னனான்."

 பிறகு ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்களுக்குப் பொம்பிளைக் குரல்போலை எல்லோ கேட்டது?"

"பயத்திலை என்ரை குரல் அப்பிடிப் போச்சு. தம்பி விழுந்து கிடக்கேக்கை நீங்கள் எல்லாரும் என்ன சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு உங்களுக்கு ஞாபகமோ?"

ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் உண்மை தெரியும். தெரிந்ததைச் சொல்லும் தைரியம் அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. சொன்னவர் இனி எந்தக் களத்துக்குள்ளும் இறங்கக்கூடாது என்று தீர்த்தார்கள். பெரியப்பா தலையாட்டினார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாட்டுவண்டியில் போய் அம்மனிடமும் அதையே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அம்மனுக்கும் அந்தப் பொய் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாசியில் எங்கள் களத்தில் வேறொருவர் முன்னுக்கு நின்றார். ஐயாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. சூட்டின் மேலே நின்று கதிர் தள்ளினார். பெரியப்பா எங்களோடு, பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற வரம்பில், இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாக என் நெஞ்சுக்குள் கிடந்ததை அன்றைக்கு எடுத்தேன்.

"பெரியப்பா, அண்டைக்கு நான் கோப்பி கொண்டுவந்தன் எல்லே?"

"ஓம்."

"அம்மா ஒண்டு சொல்லிவிட்டவா. நான் சொல்லேல்லை."

அவர் கடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பிக்கு முறை எண்டு எனக்குத் தெரியாதே? நீ வாயைத் திறந்து திறந்து மூடினனீ. சொல்லிப்போடுவாய் எண்ட பயத்திலைதான் நான் மற்றப்பக்கம் திரும்பினனான்."

எனக்கு அழுகை வந்தது. ஆறுதலால் அல்ல. நான் பயந்துகொண்டிருந்த மனிதர் என்னைவிடக் கூடப் பயந்து நின்றிருக்கிறார் என்பது அந்த வயதில் எனக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கை அன்றைக்கும் குளிர்ந்துதான் இருந்தது.

அம்மா கோப்பியோடு வந்தார். கோயிலடியில் நின்ற நாளுக்குப் பிறகும் அவர்கள் இருவரும் நேரே பேசிக்கொள்ளவில்லை. அம்மா வழக்கம்போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அவருடைய பேணியில் வார்த்தார். கோப்பி ஏறியது. பெரியப்பாவின் கை பேணியை மூட எழும்பியது. பாதி வழியில் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் அம்மாவிடம்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் வானத்தைப் பார்த்தேன். ஐயாவைப் பார்த்தேன், அவர் சூட்டின் மேலே நின்று கதிர் தள்ளிக்கொண்டிருந்தார். கடாக்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன.

அம்மா மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"சீனி காணுமோ அத்தான்?" என்று கேட்டார்.